டிக்கியைத் திறந்தவன்

பென்ரித் ஊரில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது லயனலின் பிழைப்பு. புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அவன் முதலில் சொல்வது, எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னாலும் சுற்றிலும் ஒரு பார்வை பார் என்பதுதான். ஏப்ரலில் ஒரு நாள் முற்பகல், மச்சினன் வில்ஃபின் பண்ணையோரம் காரை நிறுத்தி இறங்கிய லயனல், சுற்றிலும் பார்க்காமல் டிக்கியைத் திறந்தான்.

பார்த்திருந்தால் இடுப்பளவு கல்சுவரும், சுவருக்கு அந்தப் பக்கம் வயிறு தரையைத் தொட மேய்ந்துகொண்டிருந்த சினையாடுகளும் தெரிந்திருக்கும். அவன் பார்த்தது சாண்ட்விச் கூடையை. இரண்டு ஸ்பேனியல் நாய்கள் இருக்கிற டிக்கியில் மதியச் சாப்பாட்டையும் வைத்துச் சாத்திவிட்டு, மலைப்பாதையில் முக்கால் வழி வந்த பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்திருந்தது. லயனலின் மூளை பொதுவாக இந்த வரிசையில்தான் வேலை செய்யும்.

கூடை இருந்தது. அதற்குள் இருந்தவை எல்லாம், சுற்றியிருந்த காகிதம் உட்பட, போயிருந்தன. "நல்லா இருங்கடா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பிக்கிள் அவன் நெஞ்சில் முன்னங்காலை ஊன்றி, தோளைத் தாண்டி, சுவரையும் தாண்டிவிட்டது. அதன் பின்னாலேயே ஃபெர்ன்.

இந்த இரண்டையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஃபெர்ன் ஹெஸ்டரின் நாய். லயனலின் மனைவி அதைக் குட்டியிலிருந்து பழக்கியவள். ஹெஸ்டர் ஒரு நீள விசில் ஊதினால் ஃபெர்ன் எங்கே இருந்தாலும், எந்த முயலின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலும், அந்த இடத்திலேயே பின்பக்கத்தைத் தரையில் வைத்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கும். வேட்டைக்குப் போகிற ஸ்பேனியலுக்கு அதுதான் அரிச்சுவடி. பிக்கிள் லயனலின் நாய். ஹெஸ்டர் வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொன்ன பிறகு, தன் பிறந்தநாளுக்குத் தானே வாங்கித் தனக்கே பரிசளித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அது சோபாவின் ஒரு கையைத் தின்றது. பிறகு டிவி ரிமோட்டை. பிறகு ஒரு மாணவியின் ஓட்டுநர் தேர்வுப் புத்தகத்தை. அந்தப் பெண் தேர்வில் தோற்றதற்கு அதுதான் காரணம் என்று லயனல் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிவருகிறான். அவன் பிக்கிளுக்குக் கொடுத்த பயிற்சி என்னவென்றால், விசில் ஊதுவது, அது வராது, இவன் சிரிப்பான். வந்தால் பிஸ்கட். வராவிட்டாலும் பாவம், பிஸ்கட்.

இப்போது லயனல் சுவரேறிக் குதித்தான். குதித்தான் என்பது மரியாதைக்கு. சுவரின் மேல்வரிசைக் கல் இரண்டோடு சேர்ந்து விழுந்தான்.

"பிக்கிள்! ஃபெர்ன்! பிஸ்கட்! பிஸ்கட்டுடா கண்ணா!"

ஆடுகள் ஓடின. ஈனுவதற்கு இன்றோ நாளையோ என்றிருக்கிற ஆடு ஓடுவதைப் பார்க்கக்கூடாது. வயிறு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். தோளில் வில்ஃபின் சிவப்புப் பட்டைக் குறி போட்ட கூட்டம் மொத்தமாகக் கலைந்து, ஒரு மூலையில் போய் மோதி, திரும்பி, ஓடைக்கரைப் பக்கமாக இறங்கியது. பிக்கிளுக்கு இத்தனை பெரிய விளையாட்டு வாழ்நாளில் கிடைத்ததில்லை. காது இரண்டும் பறக்க, நாக்கு தொங்க, ஒவ்வொரு ஆட்டின் பின்னங்காலையும் தொட்டுத் தொட்டுப் போனது. ஃபெர்ன் அதன் பக்கவாட்டில் வட்டமடித்தது. முதல் ஆடு இடறி விழுந்தது. பிக்கிள் அதன் மேல் ஏறியது. விளையாட்டு அந்த இடத்தில் முடிந்துபோனது. அது எழுந்தபோது அதன் வெள்ளைத் தாடை வெள்ளையாக இல்லை.

லயனல் ஓடினான். அடுத்த ஆட்டின் தொண்டையைப் பிக்கிள் பிடித்தபோது அவன் பத்தடி தூரத்தில் இருந்தான். அப்போது மற்ற ஆடுகள் மிரண்டு திரும்பி அவன் மேலேயே வந்தன. மனிதனும் நான்கைந்து ஆடுகளும் கரை சரிந்து ஓடைக்குள் விழுந்தார்கள். மலையில் பனி உருகி வருகிற தண்ணீர். நனைந்த கம்பளி ஈரச் சிமெண்ட் மூட்டை மாதிரி கனக்கும். அப்படி ஒரு மூட்டை அவன் முதுகில் படுத்துக்கொண்டு உதைத்தது. அவன் முகம் கூழாங்கல்லில் அழுந்தியது. குளம்பு ஒன்று அவன் காதை மிதித்தது. தண்ணீருக்குள் தலை போய்ப் போய் வந்த இடைவெளியில், மேலே ஒரு நீள விசில் கேட்டது. பிறகு துப்பாக்கி. பிறகு ஒரு ஊளை. நாயுடையதா மனிதருடையதா என்று தெரியாத ஊளை. பிறகு இன்னொரு முறை துப்பாக்கி. ஊளை நின்றது.

அவன் கரையேறியபோது ஃபெர்ன் புல்லில் கிடந்தது. மார்பும் கழுத்தும் இருந்த இடத்தில் பார்க்கும்படியாக எதுவும் இல்லை. வில்ஃப் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், கையில் துப்பாக்கி. இரண்டடி தள்ளி ஹெஸ்டர், விசிலைப் பல்லில் கடித்தபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டு. காலையிலிருந்தே அவள் அந்த வயலில்தான் இருந்தாள். பிறக்கிற குட்டிகளின் கண்ணைக் காக்கை கொத்திவிடும். ஈனுகிற பருவத்தில் தினமும் யாராவது ஒருவர் துப்பாக்கியோடு காவல் இருக்க வேண்டும். அவளுக்கும் அவள் அண்ணன் வில்ஃபுக்கும் சாப்பாடு கொண்டுவரத்தான் லயனல் கிளம்பியதே.

"ஏன் ஃபெர்னை?" என்றான் லயனல். வாயில் மணல். "ஃபெர்ன் கடிக்கலையே. அது விசிலுக்கு நிக்குமே. ஏன்யா ஃபெர்னை?"

வில்ஃப் துப்பாக்கியைக் குழலும் கட்டையும் சேருமிடத்தில் இரண்டாக மடித்துத் திறந்து, சுவர்மேல் கவனமாக வைத்தான்.

நாற்பத்தேழு வருட வாழ்க்கையில் லயனல் யாரையும் அடித்ததில்லை. வகுப்பில் ஒரு பையன் அவன் காரைத் தபால்பெட்டியில் மோதியபோதுகூட, தபால்பெட்டியிடம்தான் மன்னிப்புக் கேட்டான். இப்போது அவன் கை தானாக எழுந்து வில்ஃபின் மூக்கில் இறங்கியது. குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். தன் கைதான் ஒடிந்துவிட்டது என்று லயனல் நினைத்தான். அவனுடைய சண்டை அனுபவம் அவ்வளவுதான். வில்ஃபின் மீசை சிவந்தது.

"போதுமா?" என்றான் வில்ஃப்.

"இல்ல!" என்று லயனல் இன்னொன்று விட்டான். அது காற்றில் போயிற்று.

தினமும் நூறு ஆட்டைப் புரட்டுகிறவனோடு சண்டைக்குப் போகக்கூடாது. வில்ஃப் அவன் தாடையை ஒரு கையாலும் இடுப்புத் துணியை ஒரு கையாலும் பிடித்தான். அடுத்த நிமிடம் லயனல் புட்டத்தில் உட்கார்ந்திருந்தான், முதுகு வில்ஃபின் முழங்காலில் சாய்ந்து, தலை அவன் தொடைகளுக்கு நடுவில், கால்கள் நீட்டி. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற அதே உட்காரல். அந்த நிலையில் எந்த ஆடும் திமிறாது. லயனல் மட்டும் திமிறி, வில்ஃபின் தொடையைக் கடித்தான். வில்ஃபின் முட்டி ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. லயனலின் முன்பல் ஒன்று அவனுக்கு முன்னால் புல்லில் போய் விழுந்தது. அதைப் பார்த்தபோது அவனுக்கே அது யாருடையதோ மாதிரி இருந்தது.

"நாயும் கடிக்குது, நாயோட அப்பனும் கடிக்கிறான்" என்றான் வில்ஃப், மூச்சு வாங்க. "டிரைவிங் வாத்தியாரே, இன்னும் வேணுமா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க." ஹெஸ்டரின் குரல் தட்டையாக வந்தது. "அந்த ஆடு செத்துக்கிட்டிருக்கு. வயித்துல குட்டி அசையுது."

பிக்கிள் கடித்த இரண்டாவது ஆடு அது. தொண்டை கிழிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தம் குமிழி குமிழியாக வந்தது. வில்ஃப் லயனலை விட்டுவிட்டு ஓடினான். லயனலும் ஓடினான், ஏன் ஓடினான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

"பின்னங்காலைப் பிடி, மாப்ள. இறுக்கிப் பிடி. கண்ண மூடிக்கிட்டாலும் சரி, கைய விட்டுடாத."

வில்ஃப் பையிலிருந்து கத்தியை எடுத்தான். முதல் வெட்டு ஆட்டின் வேதனையை முடிக்க. இரண்டாவது வெட்டு வயிற்றில், நீளமாக. ஆவி பறந்தது. அவன் முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு குட்டியை இழுத்தான், அது தொங்கியது. அதைப் புல்லில் போட்டுவிட்டு மறுபடி கையை விட்டு இன்னொன்றை இழுத்து, லயனலின் மடியில் எறிந்தான்.

"மூக்கைத் துடை. பின்னங்காலைப் பிடிச்சுச் சுத்து."

"எப்படிச் சுத்தணும்?"

"துணி துவைக்கிற மாதிரி சுத்துய்யா!"

லயனல் எழுந்து நின்று, வழுக்குகிற அந்தச் சின்ன உடலைக் காலைப் பிடித்துச் சுற்றினான். அவன் வாயிலிருந்து ரத்தமும், குட்டியின் வாயிலிருந்து கோழையும் ஒரே வட்டத்தில் பறந்தன. மூன்றாவது சுற்றில் குட்டி தும்மியது. அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே, "இதுக்கும் ஒரு பேர் வெச்சு வீட்டுக்குக் கொண்டுபோயிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"ஹெஸ்டர், ஏன் ஃபெர்னை?" என்று அவளிடம் கேட்டான்.

"உன் வாயிலேர்ந்து ரத்தம் வருது" என்றாள் அவள். கைக்குட்டையை நீட்டிவிட்டு, ஃபெர்னைத் தன் மேல்கோட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

பிக்கிளை டிராக்டருக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். நடுங்கிக்கொண்டிருந்தது. லயனலைப் பார்த்ததும் வயிற்றால் ஊர்ந்து வந்து அவன் கையை நக்கியது. அந்த நாக்கில் ரத்தம் இருந்தது. வில்ஃப் அதன் கழுத்தில் வைக்கோல் கட்டுகிற கயிற்றைப் போட்டு, கன்றுக்கொட்டகையில் கட்டினான்.

"அது என்ன, ஜெயிலா?" என்றான் லயனல்.

"காத்திருக்கிற இடம்."

"எதுக்கு?"

வில்ஃப் உள்ளே போய்விட்டான்.

அவன் மனைவி ஆட்ரி சமையலறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் யார் செத்தாலும் பிறந்தாலும் முதலில் டீ வரும். தரையைப் பிளந்துகொண்டு பூகம்பம் வந்தாலும் ஆட்ரி முதலில் கெண்டியைத்தான் அடுப்பில் வைப்பாள். அவள் வில்ஃபின் மூக்கில் பஞ்சையும், லயனலின் வாயில் பஞ்சையும் ஒரே அளவாக வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே அளவாகப் பாலை ஊற்றினாள். குட்டி அடுப்போரம் அட்டைப்பெட்டியில் கிடந்து கத்தியது.

"ஆட்ரி, நீயாவது சொல்லு. பிக்கிளைச் சுடப்போறானா?"

"சர்க்கரை ஒண்ணா ரெண்டா, லயனல்?"

"நான் கேட்டது சர்க்கரையை இல்ல."

"ரெண்டே போடறேன். அதிர்ச்சிக்கு நல்லது."

வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தான். பஞ்சு அடைத்த மூக்கோடு பேசியதால் கோபத்தில்கூட ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி இருந்தான். "மாப்ள, போன நவம்பர்ல என் நாய் மாஸ் என்ன பண்ணிச்சுன்னு உனக்குத் தெரியும். பக்கத்துப் பண்ணை ஆட்டைக் கடிச்சுது. பதினோரு வருஷம் என் கூட இந்த மலையெல்லாம் ஏறி இறங்கின நாய். யாரும் வந்து கேக்கல. நானே அதைக் கூட்டிக்கிட்டுப் போய், நானே சுட்டுட்டு வந்தேன். ருசி பாத்த நாய் மறுபடி போகும். இந்தப் பள்ளத்தாக்குல அதுதான் வழக்கம். என் நாய்க்கு ஒரு நியாயம், உன் நாய்க்கு ஒரு நியாயமா?"

லயனலிடம் இதற்கு ஒரு ஜோக் இருந்திருக்க வேண்டும். எப்போதும் இருக்கும். தேடிப் பார்த்தான், அந்த அலமாரி காலியாக இருந்தது.

"பிக்கிள்தான் கடிச்சுதுன்னு நிச்சயமா தெரியுமா?" என்றான் கடைசியில். கண்ணால் பார்த்தவனே இப்படிக் கேட்டான்.

"தெரிஞ்சுக்கலாம்" என்று வில்ஃப் எழுந்து, அலமாரியிலிருந்து சலவைச் சோடா டப்பாவை எடுத்தான்.

அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் சந்தேகத்துக்குரிய நாய்க்கு இதுதான் விசாரணை. சோடாக் கட்டி ஒன்றைத் தொண்டையில் தள்ளினால், நாய் வயிற்றில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். கம்பளி வந்தால் தீர்ப்பு முடிந்தது.

கொட்டகையில் லயனல் பிக்கிளின் உடம்பைப் பிடித்துக்கொள்ள, வில்ஃப் வாயைப் பிளந்தான். பிக்கிள் அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பல்லை இறக்கியது. வில்ஃப் கத்தினான், ஆனால் கையை எடுக்கவில்லை. கடிபட்ட கையாலேயே சோடாவைத் தள்ளி, வாயை மூடிப் பிடித்தான். அவன் ரத்தமே நாயின் கன்னத்தில் வழிந்தது. இரண்டு நிமிடத்தில் பிக்கிள் முதுகை வளைத்துக் கக்கத் தொடங்கியது. சாண்ட்விச் ரொட்டி. சுற்றியிருந்த காகிதம். லயனல் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த சாம்பல் நிறக் காலுறை. அதன் பிறகு, எச்சிலில் சுருண்டு, கைப்பிடி அளவு கம்பளி.

பின்னாலேயே வந்திருந்த ஆட்ரியும் சேர்த்து மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வெளுத்த கம்பளி. சிவப்புச் சாயம் ஒரு நூலில்கூட இல்லை.

"உன் ஆடுன்னா சிவப்பு இருக்கணும்!" என்றான் லயனல். "இது என் வீட்டுச் செருப்பு, வில்ஃப். உள்ள கம்பளி வெச்ச செருப்பு. முந்தாநேத்து இடது காலைத் தின்னுடுச்சு. ஹெஸ்டரைக் கேளு!"

"சிவப்பு தோள்ல மட்டும்தான் போடுவேன். அது கடிச்சது தொண்டைய." வில்ஃப் கம்பளியைக் கால் நுனியால் புரட்டினான். "செருப்பாவே இருக்கட்டும். அதுவும் ஒரு காலத்துல ஆடுதானே?"

"இதென்ன அநியாயமா இருக்கு! செருப்பைத் தின்னதுக்குத் தூக்குத் தண்டனையா? அப்படிப் பாத்தா எங்க சோபாவுக்கும் ஒரு கேஸ் போடு!"

ஆட்ரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "டீ ஆறுது" என்றாள்.

வில்ஃப் போனான். திரும்பி வந்தபோது கையில் துப்பாக்கி. இரண்டு குழலிலும் தோட்டா போட்டு மூடிய சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. கயிற்றை அவிழ்த்து, பிக்கிளை வெளியே இழுத்தான்.

லயனல் அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

வெளியார் யாராவது இதைப் பார்த்திருந்தால் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பார்கள். மூக்கில் பஞ்சு வைத்த ஒருவன், ஒரு கையில் துப்பாக்கியும் ஒரு கையில் நாயுமாக முற்றத்தில் நடக்கிறான். அவன் வலது காலில் இன்னொருவன் தொங்கிக்கொண்டு, மாட்டுச் சாணத்தில் உழவு ஓட்டியபடி கூடவே போகிறான். "விடுய்யா!" "விட மாட்டேன்!" "மிதிச்சுடுவேன்!" "மிதி!" வில்ஃப் மிதித்தான். லயனலின் விலா எலும்பில் ஏதோ ஒன்று நகர்ந்தது. அவன் மறு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வில்ஃப் சாய்ந்தான். இரண்டு பேரும் விழுந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. கொட்டகைக் கூரையின் ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. கோழிகள் கத்திக்கொண்டு சிதறின. அதன்பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. கிடந்தபடியே, நடுத்தர வயதுக்காரர்கள் இரண்டு பேர், முடியைப் பிடித்து, காதைப் பிடித்து, சாணத்தை முகத்தில் தேய்த்து அடித்துக்கொண்டார்கள். லயனல் தன் மச்சினனின் உடைந்த மூக்கைத் தேடிப் பிடித்துத் திருகினான். வில்ஃப் அலறிக்கொண்டு அவன் விலாவில் குத்தினான்.

ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் அவர்கள் மேல் விழுந்தது. ஆட்ரிதான். "வெக்கமா இல்ல? பின்வாசல்ல அந்தப் பொண்ணு குழி தோண்டிக்கிட்டிருக்கா. நீங்க இங்க கட்டிப் புரளுறீங்க."

அவர்கள் பிரிந்தார்கள். லயனல் எழ முடியாமல் படுத்திருந்தான். ஓடித் தப்பித்திருக்க வேண்டிய பிக்கிள், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து அவன் கக்கத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. அதன் காதைத் தடவிக்கொடுக்கப் போனவன் விரலில் ஏதோ உறுத்தியது. முடியை விலக்கிப் பார்த்தான். நீளக் காதின் நடுவில் சின்னச் சின்னதாக இரண்டு ஓட்டை. ஒன்றின் ஓரத்தில், மிளகளவுகூட இல்லாத ஈயக்குண்டு ஒன்று, காக்கைத் தோட்டா வெடித்ததும் சிதறுகிற நூற்றுக்கணக்கான குண்டுகளில் ஒன்று, தோலுக்கடியில் உட்கார்ந்திருந்தது.

இப்போது வெடித்தது கூரையில். அப்படியென்றால் இது காலையில்.

"வில்ஃப்" என்றான் லயனல் மெதுவாக. "நீ பறக்கிற காக்காவையே ஒரே தோட்டாவுல இறக்குறவன். உக்காந்திருக்கிற ஃபெர்னைப் பாத்துச் சுட்டா பிக்கிளோட காதுல எப்படிப் படும்?"

வில்ஃப் வாயைத் துடைத்தான். வானத்தைப் பார்த்தான். "மழை வரும் போல" என்றான்.

லயனல் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு கையில் பிக்கிளின் கயிறு. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனான். வில்ஃப் துப்பாக்கியோடு பின்னாலேயே வந்தான். லயனலைத் தடுப்பதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியாத மாதிரி இருந்தது.

ஹெஸ்டர் மண்வெட்டியோடு முழங்கால் ஆழக் குழியில் நின்றிருந்தாள். பக்கத்தில் கோட்டில் சுற்றிய பொட்டலம். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து மண்வெட்டிப் பிடி ஈரமாக இருந்தது. பிக்கிள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு அடி பின்வாங்கி முனகியது. காலையிலிருந்து எல்லாரிடமும் கேட்டதெல்லாம் லயனலுக்கு நினைவுக்கு வந்தது. எப்போதும் அவன் எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பான். சிரித்துக்கொண்டு கேட்பவனுக்கு இந்த வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை. அதில் அவர்கள் தப்பும் இல்லை.

"ஹெஸ்டர். காலையில என்ன நடந்துச்சு? பிக்கிளை என்ன பண்ணப்போறீங்க? டீ வேணுமான்னு கேக்காத. ரத்தம் வருதுன்னும் சொல்லாத. நான் தாங்கிக்குவேன். சொல்லு."

"ஹெஸ்டர், வேண்டாம்" என்றான் வில்ஃப் பின்னாலிருந்து. "பழி என் மேலயே இருக்கட்டும். மூக்கு எப்படியும் போச்சு."

அவள் மண்வெட்டியைக் குழியின் ஓரத்தில் சாய்த்தாள்.

"டிக்கியைத் திறந்தது நீ. அதை முதல்ல சொல்லிடறேன், இன்னிக்கு யாரும் உன்கிட்ட அதைச் சொல்லல." அவள் குரலில் நடுக்கம் இல்லை. "சுட்டது நான், லயனல். பிக்கிளைத்தான் குறி வெச்சேன். அவன் ஆட்டோட தொண்டைய விடல. விசில் ஊதினேன். ஃபெர்ன் உடனே உக்காந்துட்டா, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, என் முகத்தைப் பாத்துக்கிட்டு. அவனுக்கு நேர் பின்னாடி உக்காந்திருந்தா. நான் அவளைப் பாக்கல. அவனை மட்டும்தான் பாத்தேன். அவன் தலைய அசைச்சான், அவன் காதுல ரெண்டு குண்டு பட்டுது, மிச்சமெல்லாம் அவ மேல பட்டுது. ரெண்டாவது தோட்டா அவ துடிக்கிறதை நிறுத்த. அதுவும் நான்தான். வில்ஃப் வந்து என் கையிலேர்ந்து துப்பாக்கிய வாங்கினான், அவன் பண்ணினது அவ்வளவுதான்."

லயனல் வில்ஃபைத் திரும்பிப் பார்த்தான். வில்ஃபின் மூக்கு நீலமும் சிவப்புமாக வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"வில்ஃப், மாஸுக்கு ஒரு நியாயம்னு கேட்டியாம். ஆட்ரி சொன்னா" என்றாள் ஹெஸ்டர். "சொல்பேச்சுக் கேட்ட நாயைக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல எங்க வீட்லேர்ந்து உனக்கு எதுவும் வராது."

வில்ஃப் துப்பாக்கியை மடித்துத் திறந்தான். வெறும் தோட்டாக் கூடு ஒன்றும், வெடிக்காத தோட்டா ஒன்றும் புல்லில் விழுந்தன. ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

"அப்போ பிக்கிள்?" என்றான் லயனல்.

"உயிரோட வீட்டுக்கு வருவான்" என்றாள் ஹெஸ்டர். "இனிமே அவன் கயிறை நீ தொட மாட்ட, டிக்கியையும் நீ திறக்க மாட்ட. அவன் ஒவ்வொரு தடவை வாலாட்டும்போதும் எனக்கு அவளைத்தான் ஞாபகம் வரும். எனக்கு அவனைப் பிடிக்குமான்னு கேட்டா, இனிமே பிடிக்காது. உன்னையும் கொஞ்ச நாளைக்குப் பிடிக்காது. ஆனா வருவான்."